வடக்கு சொன்ன பதில்

வீட்டில் "என்னங்க". பிரிட்ஜ் கிளப்பில் "வடக்கு". சீட்டு மேசையில் கணவர் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்தத் திசையைச் சொல்லித்தான் கணக்கு டீச்சர் அவரைக் கூப்பிடுவாள். ஆட்டக்காரரின் மனைவியே டைரக்டராக இருந்து தீர்ப்புச் சொல்வதா என்று நாலு பேர் முகத்தைச் சுளித்தபோது, "மேசைகிட்ட எனக்குச் சொந்தக்காரங்க கிடையாது" என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பேசுவது சுலபம்தானே.

இன்று கோப்பைக்கான கடைசி ஆட்டம் முடிந்ததும், "டைரக்டர்!" என்று கத்தினார் பல் டாக்டரம்மா.

"வடக்கு ஏலத்துல ரெண்டு டைமன் கேட்டாரு. என்ன அர்த்தம்னு இவர்கிட்ட விசாரிச்சேன். ஆட்டினும் இஸ்பேடும் நிறைய இருக்குன்னு அர்த்தம்னாரு. அப்புறம் என் கையில இருக்கிற இஸ்பேட நம்பி நான் எப்படி ஏலத்துல இறங்குவேன்? வாயை மூடிட்டேன். கடைசியில பாத்தா வடக்கு கையில டைமனைத் தவிர ஒண்ணுமே இல்ல!"

"இவர்" என்றது வடக்கின் ஜோடியான மருந்துக்கடைக்காரரை. மனுஷர் வியர்த்து விறுவிறுத்துத் தன் கன்வென்ஷன் கார்டை நீட்டினார். எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு ஜோடியும் எழுதி வைத்திருக்கும் அட்டை அது. அவர் சொன்னதுதான் அதிலும் இருந்தது.

அட்டையை நம்பினால் வேலை சுலபம். விளக்கம் சரி; வடக்குதான் பேசி வைத்ததை மறந்து தப்பாகக் கேட்டுவிட்டார். மறதி குற்றமில்லை. புள்ளிகள் அப்படியே நிற்கும். வருஷக்கணக்காகக் கைநழுவிக்கொண்டிருந்த கோப்பை வீட்டுக்கு வரும்.

ஆனால் அந்த அட்டை பழசு என்று அவளுக்குத் தெரியும். காலையில் சவரம் செய்துகொண்டே கணவர் ஃபோனில் பேசியது காதில் விழுந்திருந்தது. "இன்னைலேர்ந்து ரெண்டு டைமன்னா வெறும் டைமன்தான். கார்டுலயும் மாத்திடுங்க." மருந்துக்கடைக்காரர் கார்டை மாற்ற மறந்தார், மேசையில் பழைய அர்த்தத்தையே ஒப்பித்தார். அது அவர் தப்பு. ஆனால் ஜோடி தப்பாகச் சொன்னதை, முதல் சீட்டு விழுமுன் வடக்கு திருத்தியிருக்க வேண்டும். அதுதான் விதி. மகானுபாவர் வாயே திறக்கவில்லை.

அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள். "வடக்கு, யோசிச்சுச் சொல்லுங்க. பேசி வெச்சத மறந்துட்டீங்களா, இல்ல மாத்திட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

சொல்லும்போது அவர் கார்டைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தார். உறவுக்காரர்களிடம் உடம்பு சரியில்லை என்று புளுகி, கல்யாணத்துக்குப் போகாமல் தப்பிக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. அப்போதெல்லாம் அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள்.

இப்போது ஆட்டவில்லை.

"காலையில ஃபோன்ல மாத்தினத நான் கேட்டேன். நானே சாட்சி, நானே தீர்ப்புன்னு இருக்கக் கூடாது. வேற டைரக்டரக் கூப்பிடுங்க."

மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஆமாம்மா! மாத்தச் சொன்னாரு. எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு."

வேறு டைரக்டருக்கு வேலை இருக்கவில்லை. புள்ளிகள் மாறின. கோப்பை டாக்டரம்மாவின் கைக்குப் போயிற்று.

வெளியே வண்டிக் கதவைத் திறந்தபடி அவர் கேட்டார். "சும்மா இருந்திருக்கலாம்ல? நீ என் பொண்டாட்டிதானே?"

"அது ஞாபகம் இருந்ததாலதானேங்க அவ்வளவு தைரியமா மறந்துட்டேன்னு சொன்னீங்க?"