இரண்டு இறக்கைகளையும் மாட்டிய அக்கா

1.
இந்தக் கதை நான் உட்கார்ந்ததால் பிறந்தது. எழுத உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. அக்கா வீட்டுச் சோபாவில், அவளுடைய ரிமோட் விமானத்தின் இறக்கைமேல் உட்கார்ந்தேன். மடக்கென்று ஒரு சத்தம்.

"எந்திரிக்காத," என்றாள் அக்கா. "எந்திரிச்சா இன்னும் ஒடையும்."

எனக்கு அடியிலிருந்து ஒவ்வொரு சில்லாக அவள் உருவி முடிக்கும்வரை அசையாமல் இருந்தேன்.

2.
முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆதிகாலந்தொட்டே மனிதன் பறவைகளைப் பார்த்து...'

(அடித்துவிட்டேன். அக்கா பறவைகளைப் பார்ப்பவள் அல்ல. லிஃப்ட் மெக்கானிக்.)

மூன்று வாரத்தில் புது இறக்கை செய்துவிட்டாள். இந்த மாதிரி விமானத்துக்கு இடமும் வலமும் சேர்ந்து ஒரே நீள இறக்கைதான். கோபம் தீராமல் உடைந்ததையும் ஒட்டித் தேய்த்துச் சரிசெய்தாள். சாப்பாட்டு மேசையில் இப்போது ஒரு விமானம், இரண்டு இறக்கைகள்.

"ஒண்ணப் பரண்ல போட்டுரலாமா?" என்றார் மாமா. தட்டு வைக்க இடம் இல்லாத கவலை அவருக்கு.

"ரெண்டையும் மாட்டப் போறேன்."

3.
மைதானத்தில் விமானம் விடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர்.

"எடை கூடும், காத்து இழுக்கும். நல்லா பறக்கறத ஏம்மா கெடுக்கறீங்க?"

"தினமும் ஆளுங்கள மேல ஏத்தி எறக்கறது என் வேலை டாக்டர். இது ரெண்டு கிலோ."

(இங்கே டாக்டரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. மறுநாளே எடையே இல்லாத, லேசில் ஒடியாத கார்பன் குச்சிகளோடு வந்து நின்றார். "எப்படியும் மாட்டத்தான் போறீங்க. ஒழுங்கானத மாட்டுங்க.")

பழைய இறக்கை வயிற்றுக்கடியில் தன் இடத்திலேயே இருந்தது. புதியது முதுகுக்கு மேலே, குச்சிகளின்மேல், ஒரு விரல்நீளம் முன்தள்ளி ஏறியது. இரண்டு விரல்நுனியில் விமானத்தைத் தூக்கிப் பார்த்தாள். வால் தொங்கியது. பேட்டரியை மூக்குப்பக்கம் நகர்த்தினாள். மறுபடி தூக்கினாள். மறுபடி கழற்றினாள். நான்கு சாயங்காலம் போனது.

வாழ்க்கையும் இப்படித்தான், ஒரு சமநி—

(எட்டிப் பார்த்த அக்கா அழிக்கச் சொன்னாள். "அது பேட்டரி. பேட்டரின்னு எழுது.")

4.
ஒரு வரைவில் விமானத்தை விழவைத்தேன். கதைகளில் இத்தனை பெருமையோடு பறப்பது விழத்தானே வேண்டும்?

அக்கா படித்தாள். "எந்தப் பாகம் போச்சு?"

"பாகம்னு இல்ல... கதைக்கு ஒரு—"

"காரணம் தெரியாம என் ஃப்ளைட்டக் கீழ போடாத."

அந்தப் பக்கத்தை நானே கிழித்தேன்.

5.
நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை, லேசான எதிர்காற்று. முன்பு ஓடும் தூரத்தில் பாதிகூட ஓடவில்லை, எழும்பிவிட்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல் ஒரு வட்டம் போட்டது. காலை ஒளியில் மேல் இறக்கையின் நிழல் கீழ் இறக்கையில் விழுந்து நகர்ந்தது.

"அடேங்கப்பா," என்றார் டாக்டர். மாமா கைதட்டிக்கொண்டே இருந்தார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் அவள் நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும். மைதானமே அவள் பேருக்குப் பட்டா ஆனமாதிரி.

நடைப்பயிற்சிக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி, "எங்க அக்கா பண்ணது," என்றேன். அவர் போகப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன்.

"எறக்கப் போறேன்," என்றாள் அக்கா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

6.
அதனால் முடிவு என்னிடம் இல்லை. பஞ்சு மாதிரி இறங்கியது என்கிறாள் அக்கா. மூன்று தரம் துள்ளியது என்கிறார் டாக்டர். ஒருதரம்தான், அதுவும் புல்மேட்டால் என்கிறார் மாமா. அவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டியவர்.

உங்களுக்குப் பிடித்தபடி இறக்கிக்கொள்ளுங்கள். உடைக்க மட்டும் அனுமதி இல்லை. அக்கா படிப்பாள், எந்தப் பாகம் என்று கேட்பாள்.