மந்திரி கொடுத்த மளிகைப் பை

மந்திரியின் ஹோட்டலில் வருஷக்கணக்காகப் படுக்கை விரிப்பு துவைத்தவளை எல்லாரும் லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொற்று பரவி ஊரடங்கு வந்ததுமே மேனேஜர், "கையில காசில்ல, நிலைமை சரியானதும் கூப்பிடறோம்" என்று அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவளும் நம்பினாள். ஆட்களை நிறுத்தாமல் சம்பளம் கொடுக்கவென்று அரசாங்கம் தந்த நிவாரணக் கடனை முதல் ஆளாக வாங்கியதே அந்த ஹோட்டல்தான் என்று டிவியில் சொன்னபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கடன் யாருக்கு என்று முடிவு செய்த குழுவுக்குத் தலைவரும் அதே மந்திரிதான்.

மறுநாள் அவர் ஹோட்டல் வாசலில் நின்று, வேலை போனவர்களுக்கு மளிகைப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். பையில் அவர் படம் பல்லிளித்தது. அவள் முறை வந்ததும் போட்டோகிராபர், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான்.

"எதுக்குச் சிரிக்கணும்? எங்க சம்பளத்துக்குன்னு வாங்கின கடன் எங்கய்யா போச்சு?"

மந்திரி கேமராவைப் பார்த்தபடியே, "அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. முதல்ல பையை வாங்கிக்க" என்றார்.

"என் சம்பளத்தை முழுங்கிட்டு எனக்கே பிச்சை போடறியா?" மரியாதையெல்லாம் காற்றில் பறந்துவிட்டது.

வாட்ச்மேன் அவளைத் தரதரவென்று இழுத்துத் தெருவில் விட்டான். அதே ஹோட்டலில் வேலை பார்த்த அவள் நாத்தனார், வரிசையில் பின்னால் நின்றவள், தலையைக் குனிந்தபடி பையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். அவள் மேல் அக்காவுக்குக் கோபமில்லை.

சாயங்காலச் செய்தியில் மந்திரியின் தாராள மனசு மட்டும் வந்தது. அடுத்த நாள் விடிந்ததும் அக்கா சம்பளம் கேட்டு அந்த ஹோட்டல் வாசலிலேயே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளைப் போலவே வேலை போன ஹோட்டல் சமையல்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.