தூங்கி விழுந்த மடிக்கணினி

நவம்பர் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், எந்தப் பழுதும் இல்லாத ஒரு மடிக்கணினி இனி உதவாது என்று ஒதுக்கப்பட்டது. அதன் விசைகள் அனைத்தும் இயங்கின. திரையில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே இருக்கும் மின்விசிறி மட்டும் சற்று முனகும். அது வயதுக்குரிய முனகல். அப்படியிருந்தும், தையற்காரி வழக்கம்போல் தன் வரைபடச் செயலியைத் திறந்தபோது, சாம்பல் நிறக் கட்டம் ஒன்று எழுந்து நின்று, "புதிய இயங்குதளம் தேவை. இந்தச் சாதனத்துக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது" என்றது. நிறுத்தியவர் யார், யாரைக் கேட்டு நிறுத்தினார் என்ற விவரம் கிடையாது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தது. 'சரியில்லை' என்று சொல்ல விரும்புகிறவருக்கும் ஒரு பொத்தான் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தாருக்குத் தோன்றவில்லை.

அவளுடைய தொழில்முறையைச் சொன்னால்தான் அவளுடைய கலக்கம் விளங்கும். கடைகளில் தொங்கும் ஆடைகள் எவருக்குப் பொருந்துவதில்லையோ அவர்களுக்கே அவள் தைத்தாள். ஒரு தோள் தாழ்ந்தவர்கள், சக்கர நாற்காலியில் அமர்ந்தே நாளைக் கழிப்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பக்கம் மெலிந்துபோனவர்கள் ஆகியோரில் ஏற முடிந்தவர்கள், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அவளுடைய அறைக்கு மாடியேறி வந்தார்கள். ஏற முடியாதவர்களைத் தேடி அவளே இறங்கிப் போனாள். எடுத்த அளவுகளைக் கணினியில் வரைவாள். பிறகு சன்னல்களைச் சாத்துவாள். கூரையில் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்த புரொஜெக்டர், வெட்டும் மேசையில் விரித்த துணியின்மேல் அந்த வரைபடத்தை ஒளிக்கோடுகளாக இறக்கும். அவள் அந்தக் கோட்டின்மேல் சுண்ணக்கட்டியை ஓட்டிக் கத்தரிப்பாள். துணியைச் சுருட்டி எடுத்தால் கோடு மேசைமேல் அப்படியே கிடக்கும். விளக்கை அணைத்தால் மறைந்துவிடும். காகிதம் என்ற ஒன்று அந்த அறையில் புழங்கி வெகு நாளாயிற்று. அத்தனை பேருடைய தோள்களும் முதுகுகளும் வெறும் வெளிச்சமாக அந்தப் பெட்டிக்குள் குடியிருந்தன.

அவற்றுள் அவளுடன் பிறந்த பெரியக்காவின் முதுகும் ஒன்று.

பெரியக்காவுக்குச் சிறுவயதில் வந்த நோய் முதுகை ஒரு பக்கமாக வளைத்துவிட்டுப் போயிருந்தது. ஆனால் குரலை அது தொடவில்லை. தூர நகரம் ஒன்றில், ஒரு பாடற்குழுவில், உயரமானவர்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் நின்று அவள் பாடிக்கொண்டிருந்தாள். வருகிற சனிக்கிழமை, முதன்முறையாக, முன்னால் வந்து தனியாகப் பாடப்போகிறாள். குழு இந்த ஊருக்கே வருகிறது. அவளும் அன்று காலையில்தான் வந்து இறங்குவாள். அதற்காகக் கரும்பச்சை நிறத்தில் முழங்கால்வரை நீண்ட மேலங்கி ஒன்று தைப்பதாகத் தங்கை வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வரைபடம் ஒரே நாளில் எழுந்ததன்று. பெரியக்கா வரும்போதெல்லாம் பழைய துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி, பிரித்து, மறுபடி குத்தித் திருத்தித் திருத்தி வந்தது. அது கிடைக்காவிட்டால் மேலங்கி இல்லை.

செய்தியைக் கேட்ட பெரியக்கா தொலைபேசியில் நிதானமாகவே பேசினாள்.

"விடுடி. கடையில வாங்கின கோட்டே இருக்கு. பின்னாடி ஒரு சால்வையைப் போட்டு மூடிக்கறேன்."

"மூடறதுக்கு நான் எதுக்கு? போர்வை விக்கிறவனே போதுமே."

"கோவிச்சுக்காத. எனக்கு மூடி மூடிப் பழக்கம்தானே."

தையற்காரி தொலைபேசியை வைத்துவிட்டாள். மேசைமேல் கரும்பச்சைத் துணி மடித்தபடியே கிடந்தது. அதைத் தொட்டபோது, ஏதோ ஒரு பெரிய விலங்கு உறங்குவதுபோல் கதகதப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் தம்பி வந்தான். இரண்டு அக்காள்களுக்குப் பின் பிறந்தவன் ஆகையால், மீசை நரைத்த பிறகும் அவன் தம்பியாகவே நீடித்தான். உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவனுடைய வேலை. ஓய்வு நாளில் எதையாவது கழற்றாவிட்டால் அவனுக்குக் கை நமநமக்கும்.

"வேற லேப்டாப்புல ஏத்திக்க முடியாதா சின்னக்கா?"

"லைசென்ஸ் இந்த மெஷின் பேர்லதான் இருக்காம். மாத்திக் குடுக்கப் பத்து வேலை நாள் ஆகும்னு சொல்லிட்டாங்க."

"அவங்க வேலை நாள்னா நமக்கு ஒரு மாசம்." அவன் மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்து, அடிவயிற்றைத் தட்டினான். "நல்லாத்தான இருக்க, உனக்கு என்ன கேடு?"

ஆதரவு மறுக்கப்பட்ட கணினிகளிலும் புதிய இயங்குதளத்தை ஏற்றுவதற்கு ஒரு வழி இருந்தது. ஊதியமும் புகழும் எதிர்பாராத சிலர் அதைக் கண்டுபிடித்து, படிப்படியாக விளக்கி, இணையத்தில் இட்டிருந்தனர். தம்பி அதை உரக்கப் படித்தான். உள்ளே உள்ளவற்றையெல்லாம் முதலில் வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். வெளியே செருகியுள்ள அனைத்தையும் பிடுங்கிவிட வேண்டும். பென் டிரைவில் ஏற்றிய இயங்குதளத்தைச் செருகி, ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி கணினியை முடுக்க வேண்டும். அவன் அவ்வாறே படியெடுத்தான். புரொஜெக்டரின் வடத்தையும் மவுஸின் வடத்தையும் பிடுங்கிச் சுருட்டி வைத்தான். திரையில் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றி, இடமிருந்து வலமாக ஊரத் தொடங்கியது.

மீதமுள்ள நேரம் பன்னிரண்டு நிமிடம் என்று கணினி அறிவித்தது. நெடுநேரம் கழித்தும் பன்னிரண்டு நிமிடம் என்றே சொன்னது. பிறகு பதினெட்டு என்று திருத்திக்கொண்டது. எண்ணுவதற்கென்றே செய்யப்பட்ட ஓர் இயந்திரம் நேரத்தை இப்படிக் கணக்கிடுமானால், அதற்குப் பள்ளியில் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொய்க்கணக்கில் ஒரு மயக்கமும் இருந்தது. அறையில் நேரம் உருகி வழிந்தது. கீழே சைக்கிள் கடையில் யாரோ ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள்; அந்தக் கிறுகிறுப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, நின்றதா நிற்கவில்லையா என்று தெரியாத இடத்தில் காதிலேயே தங்கிவிட்டது.

"கை கழுவிட்டு வர்றேன். கொஞ்சம் பாத்துக்க," என்று தம்பி எழுந்தான்.

அவள் அவனுடைய நாற்காலியில் அமர்ந்து, விசைப்பலகையின் ஓரத்தில் கையை வைத்தாள். திரை கறுத்தது. மின்விசிறியின் முனகலும் அடங்கியது. உறங்கிய கணினி பிறகு எவ்வளவு தட்டியும் எழவில்லை. அணைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தம்பி பென் டிரைவைக் குறை சொன்னான், வேறொன்றை மாற்றினான். கோடு பாதிவரை ஊர்ந்தது. அவனுக்குத் தொலைபேசி வந்தது; அவள் அமர்ந்தாள்; திரை கறுத்தது. அவன் அடிப்பலகையைக் கழற்றித் தூசியை ஊதினான். நினைவகச் சில்லைப் பிடுங்கித் துடைத்துச் செருகினான். அவன் உட்கார்ந்திருந்தவரை கோடு சமர்த்தாக ஊர்ந்தது. தேநீர் ஊற்றி வந்து அவனிடம் கொடுத்துவிட்டு, அவள் ஆவலோடு முன்னால் சாய்ந்து கையூன்றினாள். மறுபடியும் இருட்டு.

"உன்னைக் கண்டாலே அதுக்குத் தூக்கம் வருது சின்னக்கா."

"உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கும்."

"நான் இருக்கறப்ப முழிச்சிட்டுத்தான இருக்கு?"

"பயத்துல முழிச்சிட்டிருக்கு. அடிவயித்தைக் கழட்டினா யாருக்குத் தூக்கம் வரும்?"

அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. வெயில் சன்னலை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. இன்று வெட்டினால்தான் நாளையும் மறுநாளும் தைத்து முடிக்க முடியும். கடைசி வரிசையும் சால்வையும் அவள் கண்முன் வந்து நின்றன.

கணினி மீண்டும் தொடக்கத் திரைக்கு வருவதற்காகக் காத்திருந்தபோது, பேசாமலிருக்க முடியாமல் அவள் கேட்டாள்: "எந்த மாடியில நிக்கணும்னு லிஃப்டுக்கு எப்படிடா தெரியும்?"

"காந்தம்தான். ஒவ்வொரு மாடிக்கும் சுவத்தோரமா ஒரு துண்டு வச்சிருப்போம். அது கிட்ட வந்ததும் பெட்டியில இருக்கற சுவிட்ச் விழுந்துடும். வந்தாச்சுன்னு அதுவா நினைச்சுக்கும்."

"யாராவது வேற இடத்துல காந்தத்தை வச்சா?"

"அங்கயே நின்னுடும். பாவம், அதுக்கு என்ன தெரியும்?"

அவள் கணினியின் மூடியைப் பார்த்தாள். "அப்ப மூடி மூடியிருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

தம்பி தேநீரைக் கீழே வைத்தான். அவனுடைய பார்வை அவளது இடக்கை மணிக்கட்டுக்குப் போயிற்று. அங்கே, கடிகாரம் கட்டுகிற இடத்தில், குண்டூசிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் காந்தப் பட்டை இருந்தது. அதன்மேல் குண்டூசிகள் முள்ளம்பன்றியைப்போல் சிலிர்த்து நின்றன. காலையில் எழுந்ததும் அதைக் கட்டுவாள், படுக்கும்போதுதான் அவிழ்ப்பாள். அது தன் கையில் இருப்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. நாடி பார்ப்பவனைப்போல் தம்பி அந்தக் கையைப் பிடித்து, விசைப்பலகையின் இடது ஓரத்துக்கு மெல்லக் கொண்டு போனான். திரை கறுத்தது.

"மூடியிலயும் ஒரு காந்தத் துண்டு உண்டு. உன் பட்டை கிட்ட வந்ததும் மூடிட்டாங்கன்னு நினைச்சிருக்கு," என்றான் அவன், ஏறக்குறைய இரக்கத்தோடு.

"இத்தனை வருசமா இதே கையோடதான வேலை செஞ்சேன்?"

"அப்ப புரொஜெக்டர் சொருகியிருந்துச்சு. அது இருந்தா மூடினாலும் தூங்காது, தன் திரையை மட்டும் அணைச்சுக்கும். நீ எங்க அதைப் பாத்த? வரையறப்ப வலக்கை மவுஸ் போதும், வெட்டறப்ப துணியைத்தான பாத்துட்டிருப்ப."

இத்தனை ஆண்டுகளாக, அவளுடைய கை பட்டபோதெல்லாம், அது கண்ணை மூடிக்கொண்டே அவளுக்காக உழைத்திருக்கிறது. பட்டையை அவிழ்த்து, அறையின் மறுகோடியில் இருந்த சன்னல் கம்பியில் ஒட்ட வைத்தாள். மணிக்கட்டில் வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தது. அந்த வெறுங்கையை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்து, வெள்ளைக் கோட்டுக்குக் காவல் இருந்தாள்.

இம்முறை உறக்கம் அவளுக்கு வந்தது. கனவில் ஒரு குன்று இருந்தது. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் நீண்ட சரிவாகவும் கரும்பச்சைப் புல் மூடிக் கிடந்தது. அவள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நாடாவில் எண்கள் அழிந்திருந்தன. எண் இல்லாமலே கால்களுக்குச் சரிவு தெரிந்தது. குன்றின் மறுபுறத்தில் யாரோ சுருதி சேர்ப்பது கேட்டது. கிட்டப் போகப் போக அது குன்றுக்குள்ளிருந்தே வந்தது.

"சின்னக்கா. எழுந்துடுச்சு."

எழுந்தது யார் என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. திரையில் அறிமுகமில்லாத நீல வானம் ஒன்று விரிந்திருந்தது. புதிய இயங்குதளம் பழைய உடலுக்குள் ஏறிவிட்டது. ஆனால் வைஃபை இருப்பதை அது அறியவில்லை. தம்பி சைக்கிள் கடையிலிருந்து நீண்ட இணைய வடம் ஒன்றைச் சன்னல் வழியாக இழுத்து வந்து செருகினான். இணையக் குறிப்பில் கடைசியாகச் சொல்லியிருந்த, விடுபட்டவற்றைச் சேர்க்கும் ஒட்டுவேலையையும் முடித்தான். வரைபடச் செயலி திறந்தது. சாம்பல் நிறக் கட்டம் வரவில்லை.

புரொஜெக்டரைச் செருகிச் சன்னல்களைச் சாத்தினார்கள். இருட்டில் பெரியக்காவின் முதுகு ஒளியாக இறங்கியது. தாழ்ந்த தோளும் வளைந்த நடுக்கோடும் கரும்பச்சைத் துணியின்மேல், நீருக்கடியில் கிடப்பவைபோல், நடுங்கி நின்றன. தம்பி தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தினான்.

"இவ்வளவு அழகாவா இருக்கு அது?"

அவள் துணியை உருவி ஓரமாக வைத்துவிட்டு, கீழே போய், சைக்கிள்களைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை வாங்கி வந்து விரித்தாள்.

"வெட்ட நேரமே இல்ல, இப்ப எதுக்கு இது?"

"நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு பொத்தானோட வருவான்டா. இரு."

ஒளிக்கோடு முழுவதையும் பென்சிலால் காகிதத்தில் ஏற்றினாள். அதன் பின்னரே துணியைத் தொட்டாள்.

சனிக்கிழமை மாலையில் பெரியக்கா முன்னால் வந்து நின்றாள். சால்வை இல்லை. மேலங்கி அவளுடைய வளைவோடு சேர்ந்து இறங்கி, எங்கும் பிடிக்காமல், எங்கும் தொங்காமல் நின்றது. பாடி முடித்ததும், தனக்குப் பின்னால் நின்ற குழுவுக்கு நன்றி சொல்வதற்காக அவள் அவையோருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். உடனே இப்புறம் திரும்பிவிடாமல் அப்படியே சற்று நின்றாள். அவை அந்த முதுகுக்கே கைதட்டியது. மூன்றாம் வரிசையில் தம்பி மூக்கைச் சிந்தினான். சின்னக்கா தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுடைய அறையில் காகிதத் தோள்களும் காகித முதுகுகளும் வரிசையாகத் தொங்குகின்றன. காற்று வரும்போது, ஒருவரோடு ஒருவர் பேசுபவர்கள்போல் அவை சரசரக்கின்றன.

உங்களுக்குரிய ஏதோ ஒன்றும் இந்நேரம் யாரோ ஒருவருடைய அனுமதியை நம்பி ஒரு பெட்டிக்குள் வெறும் வெளிச்சமாகக் கிடக்கிறது. அது ஒரு முகமாக இருக்கலாம். ஒரு குரலாக இருக்கலாம். நீங்கள் பாடுபட்டுத் திருத்திய ஒரு வளைவாக இருக்கலாம். 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய், அதை இன்றே கையால் தொடக்கூடிய ஒன்றில் இறக்கி வையுங்கள்.