மாரிவிக் சாப்பிட்டு முடிக்கும் வரை

கூரைத் தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம் மூன்றாவது ஞாயிறாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே அடுப்படியில் மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்த மாரிவிக்குக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்விதான் எழுந்தது. இந்த மனிதன் யாருக்காக இப்படி அடித்துக்கொண்டிருக்கிறான்?

ரோடெல் படகுத்துறையில் எஞ்சின் மெக்கானிக். நாற்பது வயது, பெண்டாட்டி இல்லை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கிறவன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கூடை மாம்பழத்தோடு வாசலில் வந்து நின்று, "வீட்டுக்கு வந்துபோக அனுமதி வேணும்மா" என்று அம்மாவிடம் கேட்டான். பிலிப்பைன்ஸின் அந்தக் குய்மராஸ் தீவில் ஆண்பிள்ளை அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்ணை விரும்புகிறவன் முதலில் அவள் வீட்டுக்கு உழைக்க வேண்டும். விறகு பிளந்து தண்ணீர் சுமந்த காலம் போய்க் குழாயும் கேஸும் வந்துவிட்டதால், ரோடெல் மோட்டாரைப் பிரித்து மாட்டினான், தொட்டியைக் கழுவினான், இப்போது கூரையில் ஏறிவிட்டான். எல்லாம் முறைப்படிதான். வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்களே, எவளுக்காக என்பதை மட்டும் சொல்லவில்லை.

அம்மா கேட்கவும் இல்லை. கேட்க என்ன இருக்கிறது? சின்னவள் ஜோவெலினுக்கு இருபத்தெட்டு வயது, சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். மூத்தவள் மாரிவிக்குக்கு முப்பத்தொன்பது. துறையில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே பதினைந்து வருடம் ஓடிவிட்டது. தினமும் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது ரோடெல் தலையை ஆட்டுவான். அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு கோட்டை கட்ட முடியுமா? கட்டத்தான் செய்தாள். பிறகு தானே வெட்கப்பட்டு இடித்தாள். மறுநாள் மறுபடி கட்டினாள்.

"எனக்கா வர்றான்? போக்கா," என்றாள் ஜோவெலின், புளிக்குழம்புக்குத் தக்காளி அரிந்தபடி. அவளுக்கு ஒரு கப்பல்காரன் இருந்தான், அம்மாவுக்குத் தெரியாமல். "மூணு மாசத்துல அவன் எங்கிட்டப் பேசுனது ஒரே வார்த்தை. 'ஏணியப் புடிங்க.'"

"எங்கிட்ட அதுகூடப் பேசலையேடி."

"நீ ஏணிகிட்டயே போகலையே. எட்டி எட்டிப் பாத்தா மட்டும் போதுமா?"

"மெதுவாப் பேசுடி, காதுல விழப்போகுது!"

அதற்குள் அம்மா உள்ளே வந்தாள். சர்ச் பூசைக்குப் போட்ட நல்ல உடுப்பை இன்னும் மாற்றவில்லை. "இன்னிக்குச் சாப்பாடு முடிஞ்சதும் நானே கேட்டுடப் போறேன். உங்க வீட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டு வந்து முறையா ஜோவெலினப் பொண்ணு கேளு தம்பின்னு சொல்லிடறேன். ஆம்பள தயங்குனா நாமதான் அடியெடுத்துக் குடுக்கணும்."

ஜோவெலின் கையில் கத்தி நின்றது. மாரிவிக் சீவி முடித்த மீனையே மறுபடி சீவினாள். அம்மா வாயிலிருந்து அந்தப் பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் யார் அள்ளுவது? இல்லை என்று சொல்லி அம்மாவை அவமானப்படுத்துகிற ஆள் இல்லை அவன். பேசாமல் படியிறங்கிப் போய்விடுவான், அடுத்த ஞாயிறு கூரையில் சத்தம் கேட்காது. ஒருவேளை ஜோவெலினுக்காகவே வந்திருந்தால்? அதையும் நினைத்துப் பார்த்தாள். வலித்தது.

நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாரிவிக் எப்போதும் மெதுவாகச் சாப்பிடுகிறவள். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டுத்தான் முதல் வாய். கல்யாணமாகாத பெண் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து மற்றவர் தட்டை எடுத்தால் அவளுக்குக் கல்யாணமே நடக்காது என்பது ஊர்ச் சொல். அதனால் அவள் முடிக்கும்வரை கை காய்ந்தாலும் எவரையும் எழவிடமாட்டாள் அம்மா. "ஆமையே, சீக்கிரம் தின்னு" என்று ஜோவெலின் காலால் உதைப்பாள். மாரிவிக்குக்கு முப்பத்தைந்து முடிந்த வருடம் ஒருநாள், அவள் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதே அம்மா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு அழுத அழுகையை அவள் யாரிடமும் காட்டியதில்லை.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியாமல் இருந்தது. எஞ்சினை அரைமணியில் கழற்றி மாட்டுகிற மனிதன், இந்த மேசையில் மட்டும் ஏன் இப்படி ஊர்கிறான்? ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தட்டுகளை எடுக்கும்போது அவன் தட்டில் ஒரு பிடி சோறு மிச்சம் இருக்கும். அம்மா அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் போவாள்.

இன்று அம்மாவுக்கு அவசரம். எழுந்து தன் தட்டின்மேல் ஜோவெலின் தட்டை வைத்தாள். "காபி போடறேன் தம்பி. உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"கொஞ்சம் இருங்கம்மா," என்றான் ரோடெல். காதுவரை சிவந்திருந்தான். "அவங்க இன்னும் சாப்பிடறாங்க."

"மாரிவிக்கா? அவ அப்படித்தான். அவளுக்காகக் காத்திருந்தா பொழுது சாஞ்சிடும்."

"சாயட்டும்மா. நான் இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சட்டியை இழுத்து, தன் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

அம்மா தட்டுகளோடு நின்றாள். அவனைப் பார்த்தாள். பெரிய மகளைப் பார்த்தாள், ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பதுபோல். ஜோவெலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, என் தட்ட வை. எனக்கும் பசிக்குது."

அம்மா எச்சில் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்த இடத்திலேயே வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கரண்டியையும் நேராக்கி வைத்தாள்.

மாரிவிக் தலை நிமிரவில்லை. மீனில் அடுத்த முள்ளைத் தேடினாள். அதில் முள்ளே மிச்சமில்லை. அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.