சிவப்பு நண்டு, வெள்ளைக் கேடயம்

அக்காவின் உச்சந்தலையில் நல்லெண்ணெயைத் தொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பாக்யலட்சுமி வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்தாள். முழங்கால் வரை தொங்கும் கம்பளி அங்கி, இடுப்பில் தோல்வார், ஒருத்தியின் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஹில்ஸ்பரோவின் அந்த இறுதிச்சடங்கு மண்டபத்தில் இருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆக்லாந்தில் தமிழர் வீட்டுச் சாவுக்கெல்லாம் முன்னால் நின்று காரியம் செய்து வைக்கும் பழனிசாமி, தேவாரத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"யாரும்மா இவங்க, நாடகக்காரங்களா?"

"அக்காவோட சபைக்காரங்க" என்றாள் பாக்யலட்சுமி. சொல்லும்போதே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அக்கா ரத்னா, வாரநாளில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். சனி ஞாயிறானால் ஹென்டர்சனில் ஒரு பூங்காவுக்குப் போய், பழங்காலத்து ஐரோப்பா மாதிரி உடுத்திக்கொண்டு வில்லெடுத்து அம்பு விடுவாள், கூழ் காய்ச்சி ரொட்டி சுட்டுத் தின்பாள். நாகப்பட்டினத்தில் பிறந்தவளுக்கு இது என்ன தலையெழுத்து என்று பாக்யலட்சுமி கேட்காத நாளில்லை. "விசா வாங்கி இவ்வளவு தூரம் வந்தது வெள்ளைக்காரன் பாட்டி வேஷம் கட்டவா?" என்பாள். "பாட்டி இல்லடி. அங்க நான் சாத்தன் காளி" என்று அக்கா சிரிப்பாள்.

அந்தச் சபையில் சேருகிறவர்கள் அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்த ஒரு பெயரை ஆதாரத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கேடயத்தில் தீட்டிக்கொள்ள ஒரு சின்னமும் வேண்டும். கட்டியம் சொல்பவர்கள் என்று சிலர் இருந்து அவற்றைச் சரிபார்த்துப் பதிவுசெய்வார்கள். ஒருவர் சின்னம்போல இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்ட ஒருத்தியின் பெயரைக் கல்வெட்டிலிருந்து தேடிக் கொடுத்தாள் அக்கா. பெயர் உடனே பதிவானது. சின்னம்தான் திரும்பித் திரும்பி வந்தது.

அவள் கேட்டது வெள்ளைக் கேடயத்தில் ஒரு சிவப்பு நண்டு. அதே வெள்ளையில் சிவப்புச் சிங்க இறால் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கிறதாம். மைதானத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கொடுக்கு வைத்த சிவப்புப் பிராணிதானாம். இதைக் கேட்டபோது த்ரீ கிங்ஸ் பகுதியில் அக்கா வீட்டுச் சமையலறையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த பாக்யலட்சுமிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "நண்டுக்கும் இறாலுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் என்னத்துக்குச் சட்டம் பேசுறான்? மீன் கடைக்கு ஒருநாள் கூட்டிட்டு வா அவனை" என்றாள். "சபையில ஒத்துக்க மாட்டேங்குறாங்கடி" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சபையைத் திட்டுவது பாக்யலட்சுமிக்குப் பழக்கமாகிப் போனது.

இப்போது அந்தச் சபையே வாசலில் வந்து நிற்கிறது. முன்னால் நின்ற உயரமான பெண் பெயர் ஆலிசன். கட்டியம் சொல்பவர்களில் மூத்தவள். அக்காவைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, பின்னாலிருந்தவனிடமிருந்து ஒரு கேடயத்தை வாங்கினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

பாக்யலட்சுமி சவப்பெட்டியை விட்டு நேராக அவளிடம் போனாள். சாவு வீட்டில் விருந்தாளியிடம் சண்டை போடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சபையில் ஒருவர் இறந்தால் அவர் கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்டிக்கு முன்னால் நிற்பது வழக்கம் என்றாள் ஆலிசன். கடைசியாக ஒருமுறை அவர் பெயரையும் சின்னத்தையும் உரக்கச் சொல்வோம். ரத்னாவுக்குப் பதிவான சின்னம் இல்லை. அதனால் வெறுங்கேடயம்.

"செத்த பிறகுமா உங்க சட்டம்? இத்தனை வருஷம் உங்களோட வெயில்லயும் மழையிலயும் நின்னவளுக்கு ஒரு நண்டு வரையக் கை வரலையா உங்களுக்கு?"

ஆலிசனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நிதானமாகத்தான் பேசினாள். ரத்னா என் உதவியாள், இந்தச் சட்டத்தை வைத்து எத்தனையோ பேர் சின்னத்தைத் திருப்பி அனுப்பியவள் அவள்தான். பதிவாகாத சின்னத்தோடு அவளை அனுப்பினால் அவளே ஒப்ப மாட்டாள். அதை நான் செய்ய மாட்டேன். இறாலை வைத்திருப்பவர் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று என் முன்னால் வாயால் சொல்லியிருந்தால் அன்றைக்கே நண்டு அவளுடையது. நானே அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"யார் அந்த மகராசன்? எங்க இருக்கான்?"

ஆலிசன் அவளை விநோதமாகப் பார்த்தாள். பிறகு, உனக்குத் தெரியாதா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் பார்த்தாள். அங்கே ஈர வேட்டியோடு, தோளில் துண்டோடு, மூக்கைச் சிந்திக்கொண்டு பிரசாத் நின்றான். அக்காவின் புருஷன்.

பாக்யலட்சுமிக்கு எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. அந்தச் சபைக்கு முதலில் போனது பிரசாத்தான். ஆபீஸ் நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். விடுமுறையில் தின்ற கிரேஃபிஷ் என்கிற சிங்க இறாலின் ருசியில் அதையே சின்னமாகப் போட்டுக்கொண்டேன் என்று பெருமை பேசினான். பிறகு ஒரு வாள் சண்டையில் யாரோ ஒரு பெண் அவனைத் தள்ளிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு வந்தவன், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் வாங்கிப்போட்ட வில்லைத்தான் அக்கா எடுத்துக்கொண்டு போனாள். அவன் போகாவிட்டால் என்ன, பதிந்த இறால் அவன் பெயரில் அப்படியே இருந்திருக்கிறது. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. சபைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் புருஷனைக் காப்பாற்றிவிட்டுப் புளி கரைத்திருக்கிறாள்.

"அத்தான், ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

தேநீர் வைத்திருந்த மேசைப் பக்கம் அவனைக் கூட்டிப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையிலடித்துக்கொண்டான்.

"இப்பப் போய் இதைக் கேக்குறியே பாக்கியம்."

"எனக்கு இப்பத்தானே தெரியும். அக்கா உங்ககிட்ட கேட்டாளா இல்லையா?"

"கேட்டா."

"வேணாம்னுட்டீங்களா?"

"நான் எங்க வேணாம்னு சொன்னேன்? சரின்னு சொல்லல, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட அக்கா சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், நண்டை விட்டு நத்தையைப் பிடித்திருப்பாள். இவன் அதையும் சொல்லாமல் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருப்பான். அக்காவும் அடுத்த வாரத்தை நம்பியிருப்பாள். போன செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கூடத்திலேயே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுகிற வரைக்கும் நம்பியிருப்பாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் அங்கயே கெடப்பா. சனி ஞாயிறு வீட்டுல ஒரு பேச்சுத்துணை கெடையாது எனக்கு. எங்களுக்குப் புள்ளையா குட்டியா? மத்தபடி அவளுக்கு நான் என்ன கொறை வச்சேன், சொல்லு."

"சரி, விடுங்க. இப்பவாச்சும் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"இத்தனை சனத்துக்கு முன்னாடி எறா, நண்டுன்னு பேசச் சொல்றியா? கேக்குறவன் சிரிப்பான். வெள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும். அதுவும் பாக்க நல்லாத்தான இருக்கு."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போய்விட்டான்.

"பொறந்த வீட்டுக் கோடி வரட்டும்" என்று பழனிசாமி குரல் கொடுத்தார்.

ஒருத்தி எத்தனை காலம் புகுந்த வீட்டில் வாழ்ந்தாலும் கடைசித் துணி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அது விழாமல் பெட்டியை மூட மாட்டார்கள். ஊரிலிருக்கும் தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் பிறந்த வீடு என்று இங்கே நிற்பது பாக்யலட்சுமி ஒருத்திதான். அரக்குக் கரை போட்ட புதுப்புடவையைப் பையிலிருந்து எடுத்தாள். எடுத்தவள், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கோடி இப்ப விழாதுங்க."

"என்னம்மா சொல்ற?"

"எங்கக்கா அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கா. வருஷக்கணக்கா கேட்டிருக்கா. அவரு அதை இங்க சொல்லட்டும். சொன்னதும் போடுறேன்."

கூட்டம் சலசலத்தது. அவள் கணவன் வெற்றி பின்னாலிருந்து முந்தானையை இழுத்தான். "விடு பாக்கியம், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க."

"சாவு வீட்டுல வழக்கு வைக்காதம்மா" என்றார் பழனிசாமி. அவள் அசையவில்லை. அவர் அவளைப் பார்த்தார், கக்கத்துப் புடவையைப் பார்த்தார். வாசலில் மண்டபத்து ஊழியன் ஒருவன் தலையை நீட்டிவிட்டுப் போனான். அடுத்த குடும்பம் வெளியே கார்களை நிறுத்திக்கொண்டிருந்தது. பழனிசாமி பிரசாத் பக்கம் திரும்பினார்.

"கோடி விழாம எடுக்க முடியாதுங்க தம்பி. அது என்ன வார்த்தையோ, சொல்லிடுங்க."

பிரசாத் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனுக்காகப் பேச வரவில்லை. ஆலிசனைப் பார்த்து, சரி, வைத்துக்கொள்ளட்டும் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தான்.

ஆலிசன் விடவில்லை. யார், யாருக்கு, எதை என்று முழுதாகச் சொல்ல வேண்டும் என்றாள். அந்தப் பிடிவாதத்துக்காகப் பாக்யலட்சுமிக்கு முதல்முறையாக அவளைப் பிடித்துப்போனது.

"வெள்ளைக் கேடயத்தில் சிவப்பு இறால் என்னுடையது" என்று பிரசாத் தொடங்கினான். "அதே வெள்ளையில் சிவப்பு நண்டை வைத்துக்கொள்ள என் மனைவி ரத்னாவுக்கு…" குரல் உடைந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். "…நான் சம்மதிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பாக்யலட்சுமிக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை. இத்தனை சின்ன வாக்கியம்தானா, இதற்கா அக்கா அத்தனை காலம் காத்துக்கிடந்தாள் என்று அது இன்னும் ஏறத்தான் செய்தது. புடவையை விரித்து அக்காவின் மேல் போர்த்தினாள். கழுத்துப் பக்கம் மடிப்பைச் சரிசெய்தாள்.

பிறகு ஆலிசனிடம் கேடயத்தைக் கேட்டு வாங்கித் தரையில் வைத்தாள். வண்ணத்துக்கு எங்கே போவது? சுமங்கலிக்கு வந்த குங்குமம் தட்டு நிறைய இருந்தது. அதில் நல்லெண்ணெயை ஊற்றிக் குழைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலால் இழுத்தாள். முதலில் ஓடு. அப்புறம் இரண்டு கொடுக்கு, வலதுபக்கத்துக் கொடுக்கு சற்றுப் பெரிதாக. அப்புறம் பக்கத்துக்கு நாலாகக் கால்கள், கடைசி ஜோடி நீந்துவதற்குத் தட்டையாக. கொடிகளும் கேடயங்களும் எழுதிப் பழகிய சபைக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இதை எவனாவது இறால் என்று சொல்லிப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் எழுந்தாள்.

கம்பளி அங்கிக்காரர்கள் இருவர் கேடயத்தைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார்கள். ஆலிசன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று மூச்சை இழுத்தாள்.

"சாத்தன் காளி" என்று அவள் கூவியது கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டிருக்கும். ழகரம்கூட வராத நாக்கில் அந்தப் பெயர் ஒரு பிசகில்லாமல் வந்தது. அக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள். "வெள்ளைக் களத்தில் ஒரு சிவப்பு நண்டு. இது அவளுடையது. வேறு எவருடையதும் அன்று."

பழனிசாமி தேவாரத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். பெட்டியை மூடினார்கள். பிரசாத் தகனத்துக்கு அனுப்பும் பொத்தானை அழுத்த, திரை சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் ஆலிசன் கேடயத்தோடு வந்தாள். இனி இது வாரிசுக்குப் போக வேண்டும், இந்தச் சின்னத்தை யாராவது கேட்டு வந்தால் சரி என்றோ முடியாது என்றோ சொல்லும் உரிமையும் அவருக்குத்தான் என்றாள். பிரசாத் அழுது வீங்கிய கண்களோடு இரண்டு கைகளையும் நீட்டினான்.

ஆலிசன் பாக்யலட்சுமியைப் பார்த்தாள்.

"அவருக்குத்தான் இறால் இருக்கே" என்றாள் பாக்யலட்சுமி.

அவன் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

கேடயம் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒரு கையில் பிடிக்க முடியாமல், மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வெற்றி ஓடி வந்து காரின் பின்கதவைத் திறந்தான். கேடயத்தைச் சாய்த்து உள்ளே வைத்துவிட்டு அவள் திரும்பியபோது அவன் பார்வை அவள் புடவையில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். வெளிர் காட்டன் புடவையின் முன்பக்கத்தில், கொடுக்கும் காலும் ஒன்று குறையாமல், எண்ணெய் மினுமினுக்க நண்டு சிவப்பாகப் பதிந்திருந்தது. வெற்றி கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை இழுத்தவள், அது நண்டின் மேல் பட்டுவிடாமல் வீடு வரைக்கும் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.