வெளுத்த தரை

பிரான்சிஸின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் விழுப்புரத்திலிருந்து அவன் தங்கை ஆரோக்கியசெல்வி வந்து சேர்ந்தாள். விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அண்ணி அமலாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் குடுத்தனுப்புன வினிகர்ல மீன் ஊறுகா போட்டீங்களா அண்ணி? அண்ணன் சாப்ட்டுச்சா?"

நாக்கு செத்துக் கிடந்த மனுஷன் கடைசியாக ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். தங்கை வீட்டில் திராட்சையை ஊறவைத்து எடுக்கிற வினிகர். பாட்டில் திண்டிவனத்து வீட்டுக்கு வந்ததும் அமலா திறந்து பார்த்தாள். மேலே கொழகொழவென்று என்னவோ மிதந்தது. "கெட்டுப்போனத அனுப்பி வெச்சிக்கிறா உங்க தங்கச்சி" என்று புருஷன் காதுபடச் சொல்லிக்கொண்டே பாத்ரூமில் கொட்டிவிட்டாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நாத்தனாரிடம் போய்க் கேட்பதாவது என்று ஒரு வீம்பு. பிரான்சிஸ் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தான். அப்புறம் கேட்கவில்லை.

"மேல ஏடு கட்டிக்கினு இருந்திருக்கும். சொல்ல மறந்துட்டேன்," செல்வி மூக்கைச் சிந்தினாள். "அத எடுத்துப் போட்டுட்டா போதும். பஞ்சு மாதிரி பூசணம் பூத்தாத்தான் கொட்டணும். பயந்துட்டீங்களா?"

"இல்ல செல்வி. சாப்ட்டாரு. நல்லாக்கீதுன்னாரு."

பிணத்தை எதிரில் வைத்துக்கொண்டு வாய் கூசாமல் பொய். செல்வியின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது அமலாவுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியதும் செல்விதான் முதலில் பாத்ரூமுக்குள் கால் கழுவப் போனாள். அப்போதுதான் அமலாவுக்கு உறைத்தது. போர் தண்ணீரின் உப்புக்கறை ஏறி மஞ்சளாகிப்போன தரை அது. வினிகர் ஓடிய தடம் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சோற்றைப் பரிமாறக் கரண்டியை எடுத்த அமலா அப்படியே நின்றாள். அவமானத்தில் காது மடல்வரை சுட்டது.

செல்வி வெளியே வந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன் மறுபடி கேட்டுச்சா?"

"கேட்டாரு."

சித்தப்பா அப்பாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்ரூம் பக்கம் வந்தார்.

"அங்க வழுக்குது சித்தப்பா. பின்னாடி குழாய்ல கழுவிக்கங்க" என்ற செல்வி, கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.