தேய்ந்த பட்டன்

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேமில் தோற்றவர்தான் மீன் கழுவ வேண்டும். இது அனுசுயா போட்ட சட்டம். அவள் புருஷன் கர்ணன் மாசக்கணக்கில் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டால், "பட்டன் அமுங்கல புள்ள, நான் என்ன செய்ய" என்பான்.

இன்றைக்கு அவன் விடுவதாயில்லை. கெட்டுப்போன டிவி ரிமோட்டிலிருந்து ரப்பர் பட்டன்களை வெட்டியெடுத்துவிட்டு, தன் ஜாய்ஸ்டிக்கைத் திறந்தான். உள்ளே ஒரே நீலம். திராட்சைக்கு மருந்தடித்த கையோடு விளையாடியதில் மயில்துத்தம் இறங்கி அப்பியிருந்தது. துடைத்து, புது ரப்பர் வைத்தான்.

"அப்படியே என்னதையும் பாருங்க," என்று அனுசுயா தன் ஜாய்ஸ்டிக்கை நீட்டினாள்.

அதைத் திறந்தான். ரப்பர் தேய்ந்து நடுவில் ஓட்டையே விழுந்திருந்தது.

"இதை வச்சா இத்தனை நாளா ஜெயிச்ச?"

"ஓரத்துல நகத்தை வச்சு அமுக்குனா கேக்கும்."

அப்படியே மூடிக் கொடுத்தால் இன்றைக்காவது ஜெயிக்கலாம். கர்ணன் கொஞ்சம் யோசித்தான். மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த ரப்பரை அவளுக்கும் வைத்தான்.

ஆட்டம் தொடங்கியது. அனுசுயாவின் விரல் பழக்கத்தில் ஓரத்துக்கே போனது. புது ரப்பரோ நடுவில் அமுக்கினால்தான் கேட்டது. திரையில் அவள் ஆள் தாவாமல் நின்று அடிவாங்கி விழுந்தான்.

"நல்லா இருந்ததைக் கெடுத்துப்புட்டீகளே," என்றவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கை பழகட்டும், இன்னொரு ஆட்டம் போடுங்க."

"பழகுற வரைக்கும் போடுவோம் புள்ள," என்றான் கர்ணன், வாயெல்லாம் பல்லாக.